பாதத்தில் முறிவு, டாக்டர் கொடுத்த தேதி தூரத்தில்: அதுவரை என்ன செய்வது?

கேள்வி:
எனக்கு 46 வயது. பாம்பன் பக்கம் ஒரு கடற்கரை ஊர், கடல்பாசி எடுக்கிற வேலை. பத்து நாளைக்கு முன்னால் வள்ளத்திலிருந்து இறங்கும்போது வலது கால் பார் (கடலடிப் பாறை) இடுக்கில் மாட்டிக்கொண்டது, உடம்பு முன்னால் சாய்ந்து விழுந்துவிட்டேன். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, சுண்டுவிரல் பக்கத்து எலும்பில் முறிவு என்று அரைக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் கழித்து வரச்சொல்லித் தேதி எழுதியிருக்கிறது. கட்டு இப்போது லொடலொடவென்று இருக்கிறது. காலைத் தொங்கப்போட்டால் விரலெல்லாம் கருநீலமாகிறது. குதிகாலை ஊன்றி நடக்கலாமா? சொந்தக்காரர்கள் இதை அவிழ்த்துவிட்டு எண்ணெய்க்கட்டு போடச் சொல்கிறார்கள். எனக்கு சுகர் உண்டு, வெற்றிலை புகையிலை போடுவேன். எப்போது மறுபடி பாசிக்குப் போகலாம்? நான் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

பதில் (இயன்முறை மருத்துவர்):

அக்கா, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில்தான் நான் முதலில் நின்றேன். கால் பார் இடுக்கில் மாட்டியபடி இருக்க, உடம்பு முன்னால் சாய்ந்தது என்கிறீர்கள். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறிய அது போதும். ஆனால் அப்படி விழும்போது பாதத்தின் நடுவிலே எலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிற நார்களும் அறுந்துபோக வாய்ப்பு உண்டு. லிஸ்ஃப்ராங்க் காயம் என்று அதற்குப் பெயர். நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஒருவருடைய பெயர் அது, குதிரையிலிருந்து விழுகிற வீரனின் பாதம் அங்கவடியில் மாட்டிக்கொண்டால் வருகிற காயமாக அந்தக் காலத்தில் பேசப்பட்டது. பார் இடுக்கும் பாதத்தை அதே மாதிரிதான் பிடித்துக்கொள்ளும். படுக்கவைத்து எடுக்கிற எக்ஸ்ரேயில் இந்தக் காயம் பல நேரம் தெரியாது, பாதத்தில் உடம்பின் பாரம் ஏறும்போதுதான் எலும்பு விலகுவது படத்தில் தெரியும், அதனால் நல்ல அனுபவசாலிகள் கண்ணிலிருந்துகூட இது தப்பிப்போகிறது. தப்பிப்போனால் பிற்பாடு பாதத்தின் வளைவு தட்டையாகி, ஒவ்வொரு அடிக்கும் வலிக்கிற காலாக அது நின்றுவிடும்.

எனவே கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். விழுந்த அன்றைக்கோ, மறுநாள் கட்டு போடும் முன்போ, உள்ளங்காலின் நடுவில், அந்த வளைவில், நீலமாகக் கன்றிப் போயிருந்ததா? உங்களுக்கு ஞாபகம் இல்லையென்றால் கூட வந்தவர்களைக் கேளுங்கள். மேல் பாதம் வீங்கிக் கன்றுவது எல்லா முறிவிலும் நடக்கும், உள்ளங்காலில் நீலம் பாரிப்பது அப்படியில்லை. இருந்தது என்றால் நாளைக்கே கிளம்புங்கள். டாக்டரிடம் "கால் மாட்டியிருக்கும்போது உடம்பு முன்னால் விழுந்தது, உள்ளங்காலில் நீலமாக இருந்தது" என்று இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடுப்பாதத்தை இன்னொரு தரம் பார்க்க வேண்டுமா, நின்றபடி எக்ஸ்ரே எடுக்கலாமா, சிடி ஸ்கேன் வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.

இல்லை, நீலம் எதுவும் இல்லை என்றாலும் இந்த வாரத்துக்குள் நீங்கள் ஒருமுறை போய்த்தான் ஆக வேண்டும், காரணம் அந்த லொடலொட கட்டு. முதல் நாள் உங்கள் கால் வீங்கியிருந்தது, அந்த வீங்கின காலுக்குத்தான் அரைக்கட்டு அளவெடுத்துப் போட்டார்கள். முழுக்கட்டாகப் போட்டால் வீக்கம் ஏறும்போது உள்ளே நெரித்துவிடும் என்பதால்தான் பின்பக்கம் மட்டும் மாவு, மேலே துணிச்சுருள். இப்போது வீக்கம் வடிந்து கால் சிறுத்துவிட்டது, கட்டு பெரிதாகிவிட்டது. எதை அசையாமல் வைக்கவேண்டும் என்று கட்டு போட்டார்களோ அது உள்ளே அசைகிறது. பொதுவாக ஒரு வாரம் பத்து நாளில் கட்டைப் பார்த்து, இறுக்கியோ மாற்றியோ விடுவார்கள், எலும்பு நகர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் படமும் எடுப்பார்கள். ஆறு வாரம் என்பது எலும்பு கூடுவதற்கான கணக்கு. அதுவரை கட்டு எப்படி இருந்தாலும் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தேதி வருவதற்கு முன்பே போனால் திட்டுவார்களோ என்று நம் ஊர் ஆட்கள் தயங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஓபி சீட்டைப் போட்டுக்கொண்டு, வேறு எதுவும் சொல்வதற்கு முன் "கட்டு லூஸாகிவிட்டது, எனக்கு சுகர் இருக்கிறது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் உங்களை உட்காரவைத்துப் பார்ப்பார்கள். பாம்பனிலிருந்து பஸ் ஏறிப் போவது பெரிய பாடு என்று தெரியும், முடிந்தால் தெரிந்தவர் ஆட்டோவில், பின் சீட்டில் காலை நீட்டி வைத்தபடி போங்கள்.

அடுத்து குதிகால். சுண்டுவிரலுக்குப் பின்னால் பாதத்தின் வெளி ஓரமாக நீளுகிற எலும்பு அது, சீட்டில் "5 எம்டி" என்று எழுதியிருப்பார்கள். அதில் எந்த இடத்தில் முறிவு என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. அடியில், வெளிப்பக்கம் புடைத்துக்கொண்டிருக்குமே, அந்த நுனி பிய்ந்திருந்தால் அது சமர்த்தாகக் கூடிவிடும், சில டாக்டர்கள் கெட்டியான செருப்பு மாதிரி ஒரு பூட்ஸ் கொடுத்து வலிக்கிற அளவு பார்த்து நடக்கவே சொல்வார்கள். அதற்கு அரை அங்குலம், முக்கால் அங்குலம் முன்னால் முறிந்திருந்தால் கதை வேறு. அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு, எலும்பு கூட நாளாகும், சில பேருக்குக் கூடாமலே போய் ஸ்க்ரூ வைக்க வேண்டிவரும். ஜோன்ஸ் முறிவு என்பார்கள். ராபர்ட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் நடனமாடும்போது தன் காலிலேயே அது முறிந்து, 1902இல் அதைப் பற்றி எழுதினார். கனமாக எதுவும் மேலே விழ வேண்டியதில்லை, பாதம் ஒருக்களித்துத் திரும்பினாலே போதும் என்று அதற்கு முன் பலருக்குத் தெரியாது.

உங்களுக்கு இரண்டில் எது என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. ஆகவே டாக்டர் வாயால் "ஊன்றலாம்" என்று வரும்வரை குதிகாலும் ஊன்ற வேண்டாம். குதிகாலில்தானே நிற்கிறோம், முறிவு முன்னால்தானே என்று தோன்றும். நடக்கும்போது உடம்பு தடுமாறினால் பாதம் தன்னால் முழுசாகப் பதிந்துவிடும், அந்த ஒரு நொடி போதும். அதோடு அரைக்கட்டு நடப்பதற்குப் போட்டதில்லை, இரண்டு நாள் ஊன்றினால் குதிகால் பக்கம் மாவு நொறுங்கி, நொறுங்கின ஓரம் தோலைக் குத்த ஆரம்பிக்கும். சுகர் உள்ள காலில் அந்தப் புண்ணை ஆற்றுவது எலும்பைக் கூட்டுவதைவிடப் பெரிய வேலை.

விரல் நிறம் மாறுவது பற்றி. காலைத் தொங்கவிட்டால் கருநீலமாகி, தூக்கி வைத்ததும் சில நிமிடத்தில் பழைய நிறம் வந்துவிடுகிறது என்றால் பயப்படாதீர்கள், நடக்காத காலில் ரத்தம் மேலே ஏற நேரமாகிறது, அவ்வளவுதான். படுத்தால் பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கிற மாதிரி இரண்டு தலையணை வையுங்கள். உட்காரும்போது முக்காலியில் நீட்டி வைப்பது தொங்கப்போடுவதைவிட நல்லதுதான், ஆனால் வீக்கம் வடிய அது மட்டும் போதாது. விரல் நகத்தை அழுத்தி விட்டுப் பாருங்கள், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். காலை, மாலை இதைச் செய்யுங்கள், வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் அவளையே பார்க்கச் சொல்லுங்கள்.

தூக்கி வைத்தும் நிறம் திரும்பவில்லை, விரல் சில்லென்று இருக்கிறது, மரத்துப்போகிறது, விரலை மெல்ல மேலே தூக்கினால் உயிர் போகிறது, மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போகிறது என்றால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மேலே சுற்றியிருக்கிற துணியை அடி முதல் நுனி வரை தளர்த்திவிட்டு, மாவுப்பட்டையை அப்படியே பின்னால் தாங்கவிட்டு, 108ஐக் கூப்பிடுங்கள். பாதத்துக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றால் சதை சாக சில மணி நேரம்தான் ஆகும். கெண்டைக்கால் புதிதாக வீங்கி இறுகி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அதே 108தான். அசையாமல் கிடக்கிற காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகிற ஆபத்து அது. அடிக்கடி நடப்பதில்லை, நடந்தால் நேரம் கொடுக்காது.

எண்ணெய்க்கட்டு விஷயத்தில் நேராகவே சொல்கிறேன். சொந்தக்காரர்கள் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள், ஊரில் அப்படிக் கட்டி நடந்தவர்களும் இருப்பார்கள், நகராத முறிவு எதைக் கட்டினாலும் கூடும் என்பதால். உங்கள் கால் அப்படிப்பட்டதா என்று எக்ஸ்ரே இல்லாமல் கையால் தடவி யாராலும் சொல்ல முடியாது. பத்து நாள் ஆன முறிவில் எண்ணெய் விட்டு நீவினால் ஒட்ட ஆரம்பித்த இடம் பிரியும். மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டினால், சுகரால் உணர்ச்சி மங்கின காலில் நெரிப்பது உங்களுக்கே தெரியாமல், விரல் கறுத்த பிறகுதான் தெரியவரும். அப்படி விரலை எடுக்க வேண்டிவந்தவர்களுக்கு நான் நடைப்பயிற்சி கொடுத்திருக்கிறேன் அக்கா. வேண்டாம். பிரண்டைத் துவையல் சாப்பிடுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை, கட்டுக்குள்ளே அரைத்துத் திணிக்க மட்டும் வேண்டாம்.

சுகர் என்று ஒரு வார்த்தையில் எழுதியிருக்கிறீர்கள், அளவு எழுதவில்லை. போகிற அன்றைக்கே ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஓடியாடின உடம்பு சும்மா இருந்தால் அளவு ஏறும், ஏறினால் எலும்பு கூடுவது மெதுவாகும். வீட்டிலிருந்தே மாத்திரை வாங்க மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது, 2021இலிருந்து நடக்கிறது, உங்கள் ஊர் சுகாதாரச் செவிலியரிடம் பெயரைச் சொல்லி வையுங்கள். வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லித்தர அதில் இயன்முறை மருத்துவரும் உண்டு, கட்டு பிரித்த பிறகு அது உங்களுக்கு உதவும்.

கட்டுக்குள் அரித்தால் குச்சி, பென்சில், ஊக்கு எதையும் விடாதீர்கள். கடற்கரையில் மணல் எப்படியாவது உள்ளே போகும், வியர்வையும் சேர்ந்தால் அரிக்கத்தான் செய்யும், வெளியிலிருந்து விசிறியோ ஃபேனோ காட்டுங்கள். கெட்ட வாடை வந்தாலோ, கட்டில் ஈரக்கறை தெரிந்தாலோ உள்ளே புண் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், வலி இல்லாவிட்டாலும் சரி. குளிக்கும்போது பிளாஸ்டிக் கவரை நம்பாதீர்கள், நாற்காலியில் உட்கார்ந்து காலை இன்னொரு ஸ்டூலில் வெளியே நீட்டிவைத்துக் குளியுங்கள், மாவுக்கட்டு நனைந்தால் ஊறிப்போய்விடும்.

நடப்பதற்கு வாக்கர்தான் உங்களுக்கு நல்லது என்று நினைக்கிறேன். கக்கத்தில் வைக்கிற கட்டை இருந்தால், மேல் நுனிக்கும் கக்கத்துக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், பாரம் முழுக்க உள்ளங்கையில்தான் இறங்க வேண்டும். கக்கத்தில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். முற்றத்து மணலில் கட்டை புதையும், வாக்கரும் சாயும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும் பழைய பலகையோ, சிமெண்ட் ஓடோ, கெட்டியாக எது கிடைத்தாலும் வரிசையாகப் போடச் சொல்லுங்கள். கழிப்பறையில் குத்தவைக்க முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக வெட்டி அதன்மேல் வைத்துக்கொண்டால் ஆயிற்று, ஓரத்தைத் துணி சுற்றி மழுங்கவைக்க மறந்துவிடாதீர்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டுப்போட்ட கால் முதலில்.

படுத்திருக்கும்போது செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, இதைச் செய்யாமல் விட்டால் எலும்பு கூடின பிறகும் கால் உங்கள் பேச்சைக் கேட்காது. விழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்களை பத்துத் தடவை மடக்கி நீட்டுங்கள், வலித்தால் வலிக்காத அளவுக்கு. முழங்காலை நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்துவிட்டுத் தளர்த்துங்கள். முழுக் காலையும் நேராக ஒரு சாண் தூக்கி இறக்குங்கள். நல்ல காலின் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள். பாசி எடுக்கிற உங்களுக்குத் தோளும் கையும் உரம்தான், தண்ணீர் பாட்டிலை வைத்தாவது அதையும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. உங்கள் ஊரில் கிடைக்கிற நெத்திலியும் சூடையும் முள்ளோடு மென்று சாப்பிட்டால் அதிலேயே சுண்ணாம்புச் சத்தும் புரதமும் இருக்கிறது, முட்டை, கேழ்வரகு, முருங்கைக்கீரை சேர்த்துக்கொள்ளுங்கள். நல்லி எலும்பு சூப்புக்கு ஆட்டுக்கடையில் காசைக் கொட்டுகிறார்கள், அதைவிட இந்த மீன் மேல். ஆனால் புகையிலையை இந்த மூன்று மாதமாவது நிறுத்த வேண்டும். மெல்லுகிற புகையிலையிலும் நிகோடின் உண்டு, அது மெல்லிய ரத்தக்குழாய்களைச் சுருக்கும், ஏற்கனவே ரத்தம் குறைவாகப் போகிற எலும்பு என்று மேலே சொன்னேனே, அதற்கு இது இரட்டை அடி. வெறும் வெற்றிலை பாக்கு என்று கேட்பீர்கள், பாக்கும் வாய்க்கு நல்லதில்லை, இருந்தாலும் முதலில் புகையிலையை விடுங்கள். வலி மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், டாக்டர் எழுதினது போதவில்லை என்றால் அவரிடமே சொல்லுங்கள். சுகர் உள்ளவர்களின் சிறுநீரகத்தை அந்த மாத்திரைகள் பதம் பார்த்துவிடும்.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட கேள்வி. பாசிக்கு எப்போது. எலும்பு ஓரளவு கூட ஆறிலிருந்து எட்டு வாரம், ஜோன்ஸ் இடம் என்றால் அதைவிட அதிகம், சுகரும் சேர்ந்தால் இன்னும் தள்ளும். எலும்பு கூடியது என்பது வீட்டுக்குள் நடக்கலாம் என்பதற்கான அனுமதி. பாருக்கு மேல், வழுக்குகிற இடத்தில், அலை தள்ளத் தள்ளக் கால் ஊன்றி நிற்பதற்கு அதற்கு மேல் பலம் வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம் என்பது என் கணக்கு. நாள் கணக்கைவிடக் காலைக் கேளுங்கள். முறிந்த காலில் மட்டும் அரை நிமிடம் நிற்க முடிகிறதா, அந்தக் காலில் எக்கி நிற்க முடிகிறதா, காய்ந்த மணலில் கால் புதையப் புதைய நடந்து வந்து மறுநாள் காலை வலி, வீக்கம் இல்லாமல் எழுந்திருக்கிறீர்களா. இந்த மூன்றும் வந்த பிறகு பாருக்குப் போகலாம். சாயங்காலம் கொஞ்சம் வீங்குவது மாதக்கணக்கில் இருக்கும், அது பரவாயில்லை.

அதற்கு நடுவில் கடலே உங்களுக்குப் பயிற்சி தரும். கட்டு பிரித்து, டாக்டர் ஊன்றச் சொல்லி, தோலில் ஒரு கீறல் வெடிப்புகூட இல்லை என்று உறுதியான பிறகு, இடுப்பளவுத் தண்ணீரில் நடங்கள், அங்கே உடம்பின் எடையில் ஏறக்குறைய பாதிதான் காலில் இறங்கும், நெஞ்சளவில் மூன்றில் ஒரு பங்கு. மணல் தரையாக, கல் இல்லாத இடமாகப் பார்த்து, கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் தென்கடலில் இறங்காமல் வடகடல் பக்கம் போங்கள், அப்போது அங்கே தண்ணீர் குளம்போலக் கிடக்கும். வெறுங்காலோடு இறங்கக் கூடாது, திருக்கையும் சிப்பி ஓடும் சுகர் காலுக்கு ஆகாது, பின்னால் வார் வைத்த செருப்பு போட்டு, கூட ஒரு ஆளை வைத்துக்கொண்டு இறங்குங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள்.

அதுவரை வருமானத்துக்கு என்ன செய்வது என்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கூட வேலைபார்க்கிற பெண்கள் எடுத்து வருகிற பாசியைக் காயவைப்பது, தரம் பிரிப்பது போன்ற உட்கார்ந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், காலை நீட்டி வைத்துச் செய்கிற மாதிரி நிழலில் இடம் போட்டுத்தரச் சொல்லி. மீனவர் நல வாரிய அட்டை இருந்தால் விபத்துக்கு ஏதாவது கிடைக்குமா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் ஓபி சீட்டோடு போய்க் கேட்க வீட்டில் ஒருவரை அனுப்புங்கள்.

இந்த வாரம் போகும்போது டாக்டரிடம் மூன்று கேள்வி மட்டும் கேட்டுப் பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்: முறிவு நுனியிலா, அதற்கு முன்னாலா; நடுப்பாதம் சரியாக இருக்கிறதா; எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு பாரம் ஊன்றலாம். முதல் நாள் எடுத்த எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோங்கள், செல்போனில் அனுப்பியிருந்தால் அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள், புதுப் படத்தை எதோடு ஒப்பிடுவது என்று அவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.